பல்பு எரிந்த கேசட் அலமாரி

போன வாரம் பழைய சிடி ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்தால், அதன் பளபளப்பில் வேர்விட்ட மாதிரி ஒரு வெண்மை. விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பூஞ்சைதான். கோடைக்கானலை விட்டு வந்து இத்தனை வருடம் கழித்து, விலாசம் விசாரித்து வந்துவிட்டது போலிருக்கிறது. வீட்டில் தூக்கிப்போடச் சொன்னார்கள். நான் பூதக்கண்ணாடியைத் தேடப் போனேன். எனக்கு எப்போதும் அந்தப் புத்திதான்.

எண்பதுகளில் கோடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு ராவுத்தரின் கடையில், கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் வேலை பார்த்தேன். கதவைத் திறந்தால் வாடிக்கையாளருக்கு முன்னால் மேகம் உள்ளே வரும். ஒரே மழைக்காலத்தில் நாடாவில் வெள்ளை பூத்துவிடும். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் பிஸ்கட் டப்பாவில் வறுத்த அரிசிக்குள் புதைத்து வைப்பார். எங்கள் பாய், அலமாரியின் அடித்தட்டில் ஒரு சின்ன பல்பை ராப்பகலாக எரியவிட்டிருந்தார். திறந்தால் வெதுவெதுப்பும் சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும் வரும். குளிருக்குக் கை காட்ட நான் அடிக்கடி திறப்பேன். "ஏலே, அது கேசட்டுக்குப் போட்ட பல்பு. ஒனக்கில்ல" என்பார்.

அந்த வாசனை என்றால் எனக்குப் பாக்கியம் அக்காதான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, பெருமாள்மலைப் பக்கம் லயம் எனப்படும் வரிசை வீடு ஒன்றில் தங்கிக் கூலி வேலை பார்த்தவர். அவருடைய அம்மா அங்கேயே தங்கிவிட்டார். யாரோ வந்தவர் கையில் அம்மா பேசிக் கொடுத்தனுப்பிய கேசட் ஒன்று அக்காவிடம் இருந்தது. ஈரம் படக்கூடாதென்று, உப்பையும் தீப்பெட்டியையும் வைக்கிற மாதிரி அதையும் அடுப்புக்கு மேலே வைத்திருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு வந்தவர், சுட்ட அப்பளமாக வளைந்துபோன கேசட்டை நீட்டினார்.

"அம்மா பேச்சு இதுலதாங்க கெடக்கு. போயிருச்சுங்களா?"

கூட்டைப் பிரித்து, நாடாவை வேறு கூட்டுக்கு மாற்றினேன். பக்கத்தில் நின்ற பாய், "வெரசா வேண்டாம்லே, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஓட்டினோம். கொஞ்சம் கரகரப்பு. பிறகு ஒரு வயதான குரல்.

"நல்லா இருக்கியா புள்ள? அங்க குளிரா? லயத்துல தண்ணி வருதா?"

"குளிருதும்மா. தண்ணிக்கு ஓடைக்குத்தான் போகணும்" என்றார் அக்கா, டேப்ரெக்கார்டரைப் பார்த்து.

கேசட் எங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும் என்றார் பாய். சந்தைக்கு வரும்போதெல்லாம் அக்கா வந்து உட்காருவார். கேள்விகள் அதேதான், பதில்தான் மாறும். "பைப்பு போட்டுட்டாங்கம்மா." "சின்னவளுக்கு மாப்பிள்ளை பாத்திருக்கோம்மா." இந்தத் தடவை என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு வாரம் முழுக்க ஆவலாக இருக்கும்.

பிறகு, அந்த அம்மா இறந்துபோன செய்தி வந்ததாகச் சந்தையில் பேசிக்கொண்டார்கள். அக்கா இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே வந்துவிட்டார். நாடா ஓடியது. ஒவ்வொரு கேள்வியும் வந்தது. அக்கா எதற்கும் பதில் சொல்லவில்லை. பாய் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்.

இன்று அந்த இடத்தில் சாக்லேட் விற்கிறார்கள். பாய் இல்லை. கேசட் என்றால் என்னவென்றே பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எனக்கு அந்தக் கடை அன்றைக்கே பாதி போய்விட்டது. நாடா ஓடி முடிந்ததும் அக்கா கேசட்டைக் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டார்.

"பல்பு இல்லாட்டிப் பூஞ்சை பிடிச்சுரும்க்கா" என்றேன்.

"பிடிக்கட்டுங்க தம்பி. நான் சொல்ற பதிலக் கேக்குறதுக்குத்தான் ஆளு இல்லையே."