ஊசி போடாத கேஸ்

காரைக்குடியில் ஒரு நர்சிங்ஹோமில் நான் டியூட்டி டாக்டராகச் சேர்ந்த முதல் வாரமே மீனாட்சியை மாமியார் அழைத்து வந்தார். அறுபதுகளின் கடைசி அது. பெரிய டாக்டர் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே இரண்டு கேள்வி கேட்டார். பிறகு என்னிடம், "புருஷன் மேல ஆசையே இல்லையாம். ஃப்ரிஜிடிட்டி. வாரம் ஒரு ஹார்மோன் இஞ்செக்ஷன். வீட்டுக்கே போய்ப் போட்டுட்டு வாங்க, இங்க வந்தா ஊர் பேசும்" என்றார்.

பாடப்புத்தகமும் அப்படித்தான் சொன்னது. பெண்ணுக்கு ஆசை குறைந்தால் வியாதி, கூடினால் அதுவும் வியாதி. எவ்வளவு இருந்தால் சரி என்று மட்டும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

ஊசிக்கும் சரிப்படாவிட்டால் நெற்குப்பை என்ற ஊரில் இருந்த பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுவதாகப் பேச்சு. அந்தப் பயத்தில், நான் அவள் அறைக்குள் போனதுமே மீனாட்சி கையை நீட்டினாள். "உட்காரும்மா" என்றேன். உட்கார இடமில்லை. அந்தச் செட்டிநாட்டு வீடுகள் எவ்வளவு பெரிதானாலும் கல்யாணமான மகனுக்கு ஓர் அறைதான். பெண் கொண்டுவந்த சீர் சாமானும் அதற்குள்தான் இருக்க வேண்டும். அண்டா, குடம், குத்துவிளக்கு என்று உத்தரம் வரை பித்தளை. நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தரை.

"இதுலயா ரெண்டு பேரும் படுக்குறீக?"

"திரும்பிப் படுத்தாக் கொடம் உருளுது டாக்டரம்மா. கதவுக்கு அங்குட்டு மாமியா படுத்திருக்காக. 'என்னத்தா சத்தம்'னு கேப்பாக. உடனே இவுக எந்திரிச்சு வாசப்பக்கம் முகப்புக்குப் போயிருவாக." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆசை இல்லேன்னு நான் சொல்லவே இல்ல. மாமியா நிக்கையில என்னத்தச் சொல்ல? தலையக் குனிஞ்சுக்கிட்டேன்."

ஊசியைப் பைக்குள் வைத்துவிட்டு மாமியாரைக் கூப்பிட்டேன். "ஆச்சி, இந்தச் சாமானெல்லாம் மாடிக்குப் போகணும்."

"ஆகாது. சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாக? நாங்கள்லாம் இந்த மாதிரி அறையிலதான் இருந்தோம்."

"எப்படி ஆச்சி சமாளிச்சீக?"

"எனக்கென்ன, எங்க வீட்டுச் செட்டியாருதான் வட்டிக்கடைன்னு பர்மாவுலயே இருந்தாகளே..."

சட்டென்று நிறுத்திவிட்டார். மருமகளைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அப்போது மருமகளைவிட அவரை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. பிறகு மகனுக்குக் குரல் கொடுத்தார்: "ஏப்பா, இங்குட்டு வா. இதையெல்லாம் மேல ஏத்து. நான் இனிமே பின்னால ரெண்டாங்கட்டுல படுத்துக்கிறேன்."

சாதுவான அந்த மனிதர் பெரிய அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு படியேறிய வேகத்தைப் பார்த்து, சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

ஊசி போடவில்லை என்று அன்றே பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "பாப்போம்" என்றார். இளைய டாக்டர்களுக்கு நான் சொல்வதும் இவ்வளவுதான்: ஆசைக்கு வியாதிப் பெயர் வைக்குமுன் ஆளைத் தனியாக வைத்துப் பேசுங்கள். முடிந்தால் வீட்டையும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

சில மாதம் கழித்து மீனாட்சி இருமலுக்கு மருந்து வாங்கத் தனியாக வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே பெரிய டாக்டருக்குச் சந்தோஷம். "கொணமாயிருச்சு போல! எத்தனை மாசம்மா?"

"மாசமெல்லாம் இல்ல டாக்டர்" என்றாள், இந்தத் தடவை தலை நிமிர்ந்து. "புள்ளைக்கு என்ன அவசரம்? நாங்களே இப்பத்தான சந்தோஷமா இருக்கோம்."