மோதிரத்தால் தட்டிப் பார்ப்பவர்

மட்டாஞ்சேரியில் உடைத்த போர்க்கப்பல்களின் சாமான் விற்பவர் அவர். தாடியில் மருதாணிச் சிவப்பு. எதை எடுத்தாலும் வெள்ளி மோதிரத்தால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார்.

கதவுக்கு நான் எடுத்த வெண்கலக் கொண்டியைத் தட்டினார். "சண்டை முடிஞ்ச காலத்துச் சாதனம், சேட்டா. அன்னைக்கு பட்டாளத்துக்குக் காசைக் கொட்டினாங்க. எப்படி முழங்குது!" பக்கத்திலிருந்த கைப்பிடியைத் தட்டி உதட்டைப் பிதுக்கினார். "இது கையை இறுக்கின காலம். தகரம்."

கொண்டியோடு திரும்பினேன். என் நடையின் ஓசை அவருக்குக் கேட்டுவிட்டது. குனிந்து, வேட்டிக்கு மேலேயே என் செயற்கைக் காலைத் தட்டினார்.

"இதுவும் கையை இறுக்கின காலத்துதான்."

"இல்ல இக்கா. பட்டாளத்துல கொடுத்தது. அந்த வருஷம்தான் ராணுவத்துக்கு அள்ளி ஒதுக்கினாங்க."

மறுபடி தட்டிக் கேட்டார். சிரித்தார்.

"அப்போ அதெல்லாம் கப்பலுக்குப் போயிருக்கும். அந்தக் கப்பல் முப்பது வருஷத்துல உடைக்க இங்கதான் வரும். நீங்க உயிரோட இருந்தா வந்து கேளுங்க, அது எப்படி முழங்கும்னு."

கோபத்தோடு கிளம்பினேன். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திவிட்டு, கொண்டியையும் காலையும் மாறி மாறித் தட்டிப் பார்த்தேன்.