பாறையை மட்டும் வரைந்தேன்

ஐந்தருவியில் தண்ணீர் திடீரென்று கூடி, போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றியபோது என் மகள் பெண்கள் பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் நான் போக முடியாது. அவள் ஈரத்தலையோடு வெளியே வரக் கால் மணி நேரம் ஆனது. துப்பட்டாவைத் தேடிக்கொண்டிருந்தாளாம்.

மறுநாள் அருவிக்குப் போக வேண்டாம் என்றேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், சண்டை போடவில்லை. இலஞ்சியில் ஒரு வாரத்துக்கு எடுத்திருந்த வீட்டில், தான் கொண்டுவந்த ஓவியப் புத்தகங்களைப் பரப்பிக்கொண்டு தரையில் படுத்துவிட்டாள். அவள் அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. நானும் ஒரு புத்தகத்தைப் புரட்டினேன். அருவியை வரைவது பற்றி ஒரு பக்கம். தண்ணீரை வரையக் கூடாதாம். சுற்றியுள்ள பாறையைக் கறுப்பாக்க வேண்டும். வெள்ளையாக விட்ட காகிதம்தான் தண்ணீர்.

இரண்டு நாள் அவள் குழாயை வரைந்தாள், என் செருப்பை வரைந்தாள், வாய் திறந்து தூங்கும் என்னையும் வரைந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள்.

"யப்பா, அருவிய நேர்ல பாத்து வரையணும். கூட்டிட்டுப் போவியளா?"

"வரைய மட்டும்தானே?"

"குளிக்கவும்தான்."

போனோம். தண்ணீர் அளவாக விழுந்தது. போலீஸ்காரரிடம் இரண்டு முறை விசாரித்தேன். அவள் நோட்டையும் பென்சிலையும் என் மடியில் போட்டுவிட்டு, "நீங்க வரைங்க, வந்துருதேன்" என்று உள்ளே போனாள்.

நான் உட்காருவதும் எழுவதுமாக இருந்தேன். பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அம்மாள் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"அண்ணாச்சி, எத்தன தடவ எந்திரிப்பிய? பிள்ள என்ன தண்ணியோட கடலுக்கா போயிரும்?"

"போகாதுதான்."

"அப்ப இங்கன உக்காந்து படத்தப் போடுங்க. பென்சிலக் கடிக்காதிய."

பாறையைக் கறுப்பாக்கினேன். பெண்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே கிறுக்கியதில் பாறை நன்றாகவே சொரசொரப்பாக வந்தது. பெண்கள் பக்கம் முழுவதையும் வெள்ளையாக விட்டேன். அங்கே என்ன நடக்கிறதென்று எனக்குத் தெரியாது. தெரியாததை வரைய வேண்டியதில்லை என்பது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பல் கிடுகிடுக்க வந்து நின்றவள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா இது, அருவியா, வெடிச்ச இட்லியா?" சிரித்துவிட்டு, "இன்னொரு தடவ போயிட்டு வரட்டா?" என்றாள்.

போ என்று சொல்லுமுன் போலீஸ்காரரிடம் இன்னொரு முறை விசாரித்துவிட்டு வந்தேன். அவள் நடுங்கிக்கொண்டே காத்திருந்தாள்.