ஆவுடை அக்கா கப்பலில் சொன்ன பொய்

ஆவுடை அக்கா போய்விட்டாள்.

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அவள் தங்கை மகன் போன் செய்தான். "அத்தை, பெரியம்மா தூக்கத்துலயே போயிட்டா..." பிரஷ்ஷும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் திருநெல்வேலியிலிருந்து வெளியூருக்கு டிரங்க் கால் போட்டவர்கள் அவள் குரலைக் கேட்டிருப்பீர்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எனக்கு சீனியர். "லைன் கிடைக்கல சார், கொஞ்சம் பொறுங்க" என்று அவள் சொன்னால் யாருக்கும் கோபமே வராது. பாதி நேரம் டீ குடித்துக்கொண்டேதான் சொல்வாள்.

கொல்லம், திருவனந்தபுரம் ஆபரேட்டர்களோடு பேசிப் பேசியே மலையாளம் கற்றுக்கொண்டவள். அந்த மலையாளம்தான் என்னைக் காப்பாற்றியது...

நெருங்கியவர்களுக்குத் தெரியும். கல்யாணமான அடுத்த வருஷமே எனக்குப் பெருங்குடலை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து வயிற்றின் வலது பக்கம் ஒட்டிய ஒரு பைதான் எனக்குக் குடலும் கக்கூஸும்.

இன்றைக்குச் சாதாரணமாக எழுதுகிறேன். அப்போது வாயைத் திறந்து சொல்ல முடியாது. மேலப்பாளையத்து நண்பர் ஒருவர் துபாயிலிருந்து லீவுக்கு வந்தால்தான் பை கிடைக்கும். வெயிலில் பசை விட்டுவிடும். உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் மயக்கம்.

வீடு, ஆபீஸ், வீடு. கல்யாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டேன்.

"ஏட்டி மீனா, ஊர் சுத்த ஆபீஸ்ல குடுக்க எல்.டி.சி. காசு சும்மா கெடக்கு. லட்சத்தீவுக்குக் கப்பல்ல போவோம்" என்றாள் அக்கா ஒரு நாள்.

"கப்பல்லயா... நானா?"

"ஏன், கப்பல்ல கக்கூஸ் கட்டாமயா விட்டுருப்பான்?"

டாக்டர் தாராளமாகப் போகலாம் என்றார். என் வீட்டுக்காரர்தான் முழித்தார். அக்கா எங்கள் இரண்டு பேரையும் செங்கோட்டை பஸ்ஸில் ஏற்றி, கொச்சிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கையில் ஒரு ஒயர் கூடை. உப்பு, சர்க்கரை, கழற்றிய பையைச் சுற்றிப் போடப் பழைய பேப்பர், அப்புறம் ஊதுபத்தி! நான் பை மாற்றும்போது கேபினில் வாசம் வரக் கூடாதாம். கப்பல்காரர் புகையைப் பார்த்துப் பதறி ஓடி வந்தார். "சாமிக்கு" என்று கையைக் கூப்பினாள். மனுஷன் கொளுத்தின பத்தியை அணைத்துவிட்டு, தானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

தீவு வந்தது. கப்பல் கரை வரைக்கும் போகாது. பக்கவாட்டில் ஒரு கதவைத் திறப்பார்கள், கீழே சின்னப் படகு ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருக்கும். படகுக்காரர்கள் ஒவ்வொருத்தரையும் இடுப்பில் பிடித்துத் தூக்கி உள்ளே வைப்பார்கள்.

இடுப்பில்...

ஒரு அமுக்கு போதும். பை பிய்ந்து, அத்தனை பேர் முன்னால்... "நான் வரலக்கா. நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கனயே இருக்கேன்" என்று திரும்பிவிட்டேன்.

அக்கா என்னோடு மல்லுக்கட்டவில்லை. கதவுப் பக்கம் போனாள். அதே டிரங்க் கால் குரல்.

"சேட்டா, ஒரு மினிட்டு. இவள் கர்ப்பிணியாணு. வயற்றில் தொடருது, கேட்டோ?"

நான் கர்ப்பிணியாம்! வயிற்றைத் தொடக் கூடாதாம்!

என் வீட்டுக்காரர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு நிமிஷம் அவரே நம்பிவிட்டார்.

எங்கிருந்தோ ஒரு பிளாஸ்டிக் சேர் வந்தது. நான் அதில் உட்கார்ந்ததும் ஆளுக்கொரு சேர்க்காலைப் பிடித்தார்கள். காந்திமதி அம்மன் சப்பரத்தில் போகிற மாதிரி நான் படகில் இறங்கினேன். ஒரு கைகூட என் மேல் படவில்லை.

அன்றைக்குத் தீவுக் கரையில் கழுத்தளவு கடல் தண்ணீரில், சேலையோடு, எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. ஆபரேஷனுக்குப் பிறகு எங்கள் ஊர் குறுக்குத்துறை ஆற்றில் காலைக்கூட நனைக்காதவள் நான். பை ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது.

"கடல்ல இருக்க உப்பு போதும்ட்டி. நீ வேற அழாத" என்றாள் அக்கா.

சாயங்காலம் கப்பலுக்குத் திரும்பினால், சேதி சமையல்கட்டு வரைக்கும் போயிருந்தது. கோட்டயத்துக்கார அம்மா ஒருத்தர் மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பினார். எனக்கு மட்டும் ரெண்டு கிளாஸ் பாயசம். எத்தனை மாசம் என்று கேட்டதற்கு நான் மூணு என்றேன், அதே நேரம் இவர் அஞ்சு என்றார்.

தொட்டுப் பார்த்து ஆணா பெண்ணா சொல்கிறேன் என்று ஒரு பாட்டியம்மா கையை நீட்டிக்கொண்டே வந்துவிட்டார். அக்கா குறுக்கே பாய்ந்தாள். "எங்க ஊர்ல தொட்டுப் பாக்கக் கூடாதும்மா... குலதெய்வம் கோவிச்சுக்கிடும்."

அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் உண்மையிலேயே பை பிய்ந்திருக்க வேண்டும். பிய்யவில்லை.

ஊர் திரும்பிய வாரமே குறுக்குத்துறையில் முங்கி எழுந்தேன். அப்புறம் எத்தனை கல்யாண வீடு, எத்தனை ஊர்... எல்லாவற்றுக்கும் அதே ஒயர் கூடையோடுதான் போனேன். கூடை இன்னும் என்னிடம் இருக்கிறது.

சில வருஷம் கழித்து நிஜமாகவே நாள் தள்ளிப்போனது. டாக்டர் வாயால் உறுதியானதும் முதல் போன் அக்காவுக்குத்தான்.

"அக்கா... நான் மாசமா இருக்கேன்."

அந்தப் பக்கம் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"என்னட்டி சொல்லுத... இப்ப எந்தப் படகுல ஏறப் போற?"

அந்தப் பிள்ளைதான் இப்போது பெங்களூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறாள், அவளுடைய ஆவுடைப் பெரியம்மாவைப் பார்க்க. சாயங்காலம் எடுக்கிறார்கள்.

போயிட்டு வாங்கக்கா. பாத்து, பைய ஏறுங்க...