நான் போட்ட டிக்

திருவொற்றியூரில் ஒரு ரசாயன கோடவுனில் பாதுகாப்பு சூப்பர்வைசர் வேலை எனக்கு. தினமும் காலையில் லோடுமேன்களை நிற்கவைத்துப் பத்து நிமிடம் பேசுவேன். முகமூடியின் அவசியத்தை நான் விளக்கும்போது, கொட்டாவியை மறைக்க அவர்கள் அதை மாட்டிக்கொள்வார்கள். அந்த அளவுக்காவது பயன்பட்டேனே.

நான் விடாமல் கத்தியது காலி டிரம்களுக்காக. பூச்சிமருந்து செய்வதற்கான சரக்கு வரும் நீல டிரம்கள் அவை. எத்தனை முறை கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறியது போகாது. முழுசாக வெளியே விட்டால் பழைய டிரம் கடை வழியாக யார் வீட்டு வாசலுக்காவது தண்ணீர் பிடிக்கப் போய்விடும். அதனால் ஓட்டை போட்டுத்தான் அனுப்ப வேண்டும். ஓட்டையைப் பார்த்து வெள்ளை பெயிண்டில் டிக் போடுவது என் பொறுப்பு. என் கையெழுத்து எனக்கே புரியாது. டிக் மட்டும் வால் நீண்டு அழகாக விழும்.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ்வீட்டு அக்கா ஒரு நீல டிரம்மைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் என் டிக்.

"எங்கக்கா வாங்கினே?"

"டிரம் கடைல தான். டிக் போட்டதா பாத்து எடுத்துகினு போக்கா, ஆபீசரே செக் பண்ணதுன்னு சொன்னான். மூடில ஓட்ட கூட கீது பாரு, ஓசு வுடுறதுக்கு."

குனிந்து பார்த்தேன். ஓட்டை மூடியில் மட்டும்தான். ஓஸ் குழாய்க்கு அளவெடுத்த மாதிரி இருந்தது.

"இதுல தண்ணி புடிச்சியா?"

"நேத்து தான் புடிச்சேன். சோறு ஆக்கினேன். இன்னாத்துக்கு மூஞ்சி ஒரு மாதிரி போவுது உனக்கு?"

உள்ளே அவர் மகள், ஏழு மாதம், பிரசவத்துக்கு வந்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அக்கா துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே போட்டார். பிறகு, "எந்தப் பேமானி போட்டான் அந்த டிக்க?" என்றார்.

"நான்தான்கா."

சரக்கின் விவரத்தாளை எடுத்துக்கொண்டு இருவரையும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். வழியெல்லாம் திட்டினார், ஒரு வார்த்தைகூட எனக்குப் பொருந்தாமல் இல்லை. டாக்டர் ரத்தம் எடுத்தார். ஒரே ஒரு நாள் என்பதால் பயம் குறைவு, ஆனாலும் மறுபடி வரவேண்டும் என்றார். குழந்தை பிறகு நல்லபடியாகப் பிறந்தது. அதற்குள் எனக்கு முடி கொட்டியது. கொட்ட அதிகம் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாள் காலைப் பேச்சில் நான் கத்தியதற்கு லோடுமேன் மேஸ்திரி நிதானமாகப் பதில் சொன்னார். "ஓட்ட போடச் சொன்னே, போட்டோம். எங்க போடணும்னு ஒரு நாளாச்சும் சொன்னியா சார்?"

சொன்னதில்லை. நான் பார்த்ததும் மேலே மட்டும்தான். டிரம்மைக் குறுக்கே அறுக்க ஒரு இயந்திரம் கேட்டேன். மேனேஜர், "எழுதிக் குடுங்க, பாக்கலாம்" என்றார். எழுதிக் கொடுத்தேன். இன்னும் பார்க்கிறார். அதுவரை அடியில் ஓட்டை போடக் கடப்பாரையோடு நானே நிற்கிறேன்.

வெளியே போய்விட்ட டிக்குகளை என்ன செய்வது? வேலை முடிந்ததும் தெருத்தெருவாக அடுத்தவர் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு நடப்பேன். வீட்டு புரோக்கர் என்றார்கள், வட்டிக்காரன் என்றார்கள், ஒரு நாய் இன்னும் மோசமாக நினைத்தது. அப்படிப் பதினோரு டிரம் கிடைத்தது. ஒன்றையும் சண்டையில்லாமல் வாங்கவில்லை.

போன வாரம் தண்டையார்பேட்டையில் ஒரு சந்தில் பன்னிரண்டாவதைக் கண்டேன். தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. ஓஸைக் கையில் வைத்திருந்த பெண்ணிடம் டிக், விஷம், என் தப்பு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சரி சார், நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும். அடுத்த லாரி எப்ப வரும்னு தெரியுமா உனக்கு?"

தெரியாது.

"அப்ப ஒதுங்கு."

மூடியில் இருந்த ஓட்டைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டேன். அந்தப் பெண் ஓஸை என் கைமேலேயே பிடிக்க, தண்ணீர் சட்டையெல்லாம் பீய்ச்சி அடித்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் குடத்தைத் தட்ட ஆரம்பித்தார்கள். "கைய எடுய்யா, தண்ணி வேஸ்டா போவுது" என்றது ஒரு குரல். அதுவும் நியாயம்தான். கையை எடுக்காமலே, யாரிடமாவது வேறு டிரம் இருக்கிறதா என்று கேட்டேன்.