மருந்து ஏற்றுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து, ஈரவரம்பில் நண்டு நடந்த தடம் போல இருக்கும். எந்த இடத்தில் சின்ன ர, எந்த இடத்தில் பெரிய ற என்பது எனக்கு இன்றைக்கும் சந்தேகம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. பிறகு நான் அதிகம் வாசித்தது உரப்பைகளில் இருக்கும் எழுத்தைத்தான். கிளினிக்கில் தாதியாக வேலை செய்யும் மிஸ்ஸி ஒருவர் இதை எழுதித் தரும்படி நெடுநாளாகக் கேட்கிறார். புற்றுநோயோடு வரும் இளம் ஆண்களின் வீட்டு ஆட்களுக்கு வாசிக்கக் கொடுக்கலாம் என்கிறார். பெயர் ஒன்றும் போட வேண்டியதில்லை என்றதால் சம்மதித்தேன்.

நான் கண்டாவளைப் பக்கம் வயல் செய்கிறவன். மனைவி கொக்கிளாய்க் கரையைச் சேர்ந்தவள். இடம்பெயர்ந்திருந்த காலத்தில் பக்கத்துப் பக்கத்துக் கொட்டிலில் இருந்து, அப்படியே கலியாணமாகிவிட்டது. அவளுடைய கடைசித் தம்பி அப்போது கைப்பிள்ளை. இருபத்திரண்டு வயதில் அவனுக்குக் கழுத்தில் நெறி கட்டியது. பல்லால் வந்ததென்று எல்லோரும் சொன்னோம். பல்லைப் பிடுங்கியும் அது வற்றவில்லை. துண்டு வெட்டிச் சோதித்த பிறகுதான் புற்றுநோய் என்று தெரிந்தது.

மருந்து ஏற்றுவதைப் பற்றிக் கதைக்க டொக்டர் கூப்பிட்ட அன்று, அவனும் என் மாமியும் நானும் போனோம். மாமனார் இல்லை. அதனால் ஆண் துணை என்று என்னைக் கூட்டிப் போனார்கள். நான் துணைக்கு நிற்பேன், வாய் திறக்கமாட்டேன். அது எல்லோருக்கும் தெரியும்.

டொக்டர் நல்ல மனிதர். நிதானமாகச் சொன்னார்.

“தம்பி, இந்த மருந்துக்கு உம்மட புற்றுநோய் வருத்தம் நல்லாக் கேக்கும். ஆனா பிள்ளை உண்டாகிற தன்மையை அது குறைக்கலாம். சிலருக்குத் திரும்ப வரும், சிலருக்கு வராது. அதால, மருந்து தொடங்க முதல் விந்தை எடுத்து, உறைய வைச்சுச் சேமிக்கலாம். கொழும்பில அதுக்கு இடம் இருக்கு. நீர்...”

“வேண்டாம் டொக்டர்.”

டொக்டர் முடிக்கவில்லை, அதற்குள் சொல்லிவிட்டான். மாமி தன் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். நான் சுவரில் இருந்த மின்விசிறி சுவிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டொக்டர் எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, “புதன்கிழமைதான் தொடங்கப்போறம். யோசியும்” என்றார்.

வெளியே வந்ததும் மிஸ்ஸி என்னை மட்டும் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

“அண்ணை, நீங்கள் அவருக்கு என்ன முறை?”

“அக்காவின்ர மனுசன்.”

“அப்ப அத்தான். நல்லதாப் போச்சு. தாயை வைச்சுக்கொண்டு கேட்டா எந்தப் பெடியன் ஓமெண்டுவான்? நீங்கள் தனியக் கதையுங்கோ.”

“நானோ?”

“பின்னை நானோ?”

தன் நம்பரையும் தந்தார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். தகப்பனும் மகனும் கதைக்க முடியாததை, அண்ணனும் தம்பியும் கதைக்கக் கூசுவதை, அத்தான்–மச்சான்மார் கதைப்பார்கள். கேலி, ஊத்தைக் கதை எல்லாம் அந்த முறைக்கு உரித்தானவை. நான்தான் அந்த முறைக்கு லாயக்கில்லாதவன். கலியாணமான புதிதில் மச்சினன்மார் சேர்ந்து கேட்ட கேள்விகளுக்குப் பயந்து கிணற்றடியில் ஒளிந்திருந்திருக்கிறேன்.

அன்று பின்னேரம் கொக்கிளாயில், மாமி வீட்டில் வைத்து மனைவியிடம் சொன்னேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

“கடவுளே! ஊர் உலகத்தில இவ்வளவு அத்தான்மார் இருக்க, என்ர தம்பிக்கு வாய்ச்சது நீங்களோ?”

“நீ கதையன்.”

“நான் அக்காவெல்லோ! அவன் கடலுக்க குதிச்சிடுவான். இஞ்சேருங்கோ, ஒரு வார்த்தை கேட்டா நாக்கு தேயாது. போங்கோ.” சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுடைய தோள் ஆடியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று நான் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குத் துவாயும் பிளாஸ்க்கும் வாங்க வேண்டும் என்று அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவுக்கு வெளிக்கிட்டேன். மோட்டார் சைக்கிளில் ஒரு நன்மை இருக்கிறது. ஓட்டுகிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டும். பின்னால் இருக்கிறவனுக்கு முதுகு மட்டும்தான் தெரியும்.

கொஞ்சத் தூரம் போன பிறகு தொண்டையைச் செருமினேன்.

“தம்பி, காலபோக விதைப்புக்கு முதல் நாங்கள் விதைநெல்லைத் தனியா எடுத்து வைப்பம். மழை பிழைச்சாலும்...”

“அத்தான்.”

“ஓம்.”

“நான் கடற்காரன். எனக்கு ஏன் நெல்லுக் கதை?”

“சும்மா...”

“மிஸ்ஸி கதைக்கச் சொல்லி விட்டவாதானே? உங்களக் கூப்பிடேக்கயே விளங்கிட்டுது. இரவு முழுக்க யோசிச்சு விதைநெல்லோ கண்டுபிடிச்சனீங்கள்?”

“ஓம்” என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் என் முதுகில் நெற்றியை முட்டிச் சிரித்தான். நெறி கட்டிய நாளுக்குப் பிறகு அவன் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

நாயாற்றுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னான். இறங்கி, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து களப்பைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கீழே ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தார்.

“எனக்கு விருப்பமில்லையெண்டில்லை அத்தான். ஏற்கெனவே உடம்பு வத்திப்போச்சு. அதையும் எடுத்துக் குடுத்தா மருந்தைத் தாங்க சத்து இருக்குமோ? ஒரு சொட்டு விந்து கன சொட்டு ரத்தமெண்டு சொல்லுவினமே.”

நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தவன். மீன்வாடியிலும் வயலிலும் பெரியவர்கள் அதைத்தான் சொன்னார்கள். பொய் என்று சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. உண்மை என்றால் அவனை அனுப்பவும் கூடாது.

“எனக்கும் தெரியாதடா” என்றேன். “மிஸ்ஸியிட்டக் கேப்பம்.”

நம்பரை அழுத்தினேன். “மிஸ்ஸி, நான்... அக்காவின்ர மனுசன்...” என்றதோடு நின்றுவிட்டேன். அந்தச் சொல் என் வாயில் வரவே இல்லை. இரண்டு தரம் இருமினேன்.

“தாங்கோ இஞ்ச” என்று அவன் போனைப் பறித்தான். “மிஸ்ஸி, நான்தான் வருத்தக்காரன். அதை எடுத்தா உடம்பில சத்துக் குறையுமோ?” என்று பாலத்தில் நின்று உரத்துக் கேட்டான். வலை எறிந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

மிஸ்ஸியின் குரல் எனக்கும் கேட்டது. “இல்லைத் தம்பி. அது பிழையான கதை. உடம்பு அதைத் தானா திரும்ப உண்டாக்கும். மருந்தைத் தாங்கிறதுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“இந்த வருத்தம் பிள்ளைக்குப் போகாதோ?”

“எடுத்து வைக்கிறதால பிள்ளைக்கு வருத்தம் போகாது. வடிவா விளங்கவேணுமெண்டா டொக்டர் சொல்லுவார், எடுத்துத் தரட்டோ?”

டொக்டரோடும் கதைத்தான். நான் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. கடைசியில் அவன் குரலைத் தணித்து ஒன்று கேட்டான்.

“டொக்டர், எல்லாருக்கும் இதைச் சொல்லுவீங்களோ? தப்பமாட்டானெண்டு தெரிஞ்ச ஆளுக்கும்?”

பதில் எனக்குக் கேட்கவில்லை. அவன் கன நேரம் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு போனை என்னிடம் நீட்டினான்.

“என்னவாம்?”

“நான் பிழைப்பன் எண்டு நினைச்சுத்தானாம் பிள்ளையைப் பற்றிக் கதைச்சவர். ஆனா முடிவு என்ர கையிலயாம். வேண்டாமெண்டாலும் அவருக்குக் கோபமில்லையாம்.” மூக்கைத் துடைத்துக்கொண்டான். “நான் மற்றப் பக்கமா நினைச்சிட்டன் அத்தான். சாகப்போறவனிட்ட ஆசை கேக்கிற மாதிரிக் கேக்கினமாக்கும் எண்டு.”

நான் அவன் தோளில் கை வைத்தேன். அதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை.

“சரி, போவம்” என்றான்.

“கொழும்புக்கோ?”

“முதல்ல துவாய் வாங்க. கொழும்புக்குத் திங்கள் போவம். அம்மா வேண்டாம். நீங்கள் வாங்கோ. ஆனா விதைநெல்லைப் பற்றிக் கதைக்கக் கூடாது.”

திங்கட்கிழமை அந்த இடத்தில் அவனை ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே கதிரையில் இருந்தேன். ஒரு பெண்பிள்ளை தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டபோதுகூட எனக்கு முகம் சுட்டது. அவன் காதுவரை சிவந்துபோய் வெளியே வந்தான்.

“எப்பிடி?” என்றேன்.

“அத்தான், அதுக்குள்ள சுவர் முழுக்கக் குழந்தைப் பிள்ளையளின்ர படம். எல்லாம் என்னையே பாத்துக்கொண்டிருக்குதுகள். என்னெண்டு ஒரு மனுசனுக்கு ஏலும்? கடைசியில விளக்கை நூத்து இருட்டாக்கிப்போட்டன்.”

அந்தப் பெண்பிள்ளை உட்பட எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி நான் சிரித்தேன். பிறகு, நல்லபடியாக எடுத்து வைத்தாயிற்று என்று வந்து சொன்னார்கள். பஸ்ஸில் அவன் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். வவுனியா வரும் வரைக்கும் நான் தோளை அசைக்கவில்லை.

மருந்து புதன்கிழமை தொடங்கியது. அந்த மாதங்கள் கஷ்டமானவை. அவற்றை எழுத இங்கே தேவையில்லை. மயிர் கொட்டி, பிறகு சுருட்டையாக முளைத்தது. வருத்தம் இல்லை என்று டொக்டர் சொல்லிக் கன நாளாகிறது. இப்போது மறுபடி கடலுக்குப் போகிறான். போன மாதம் ஒரு பெண்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்றான். கொழும்பில் வைத்திருப்பதைப் பற்றி அந்தப் பிள்ளையிடம் தானே முதலில் சொல்லிவிட்டானாம்.

கலியாணப் பேச்சுக்கு நாங்கள் கொக்கிளாய்க்குப் போன அன்று, மாமி குசினிக்குள் என்னைக் கூப்பிட்டார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டது இதுவே முதல் தரம். திருக்கைக் கறிச் சட்டியைக் கிண்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

“அண்டைக்குக் கொழும்புக்குப் போனனீங்கள். அவன் ஓமெண்டுதானே செய்தவன்? ஒருத்தரும் வில்லங்கப்படுத்தேல்லையே?”

“இல்லை மாமி. அவன்தான் கேட்டு, அவன்தான் முடிவெடுத்தவன்.”

“நான் அண்டைக்கு டொக்டரின்ர அறைக்குள்ள இருந்திருக்கக் கூடாது. எனக்கு எழும்பிப் போகத் தெரியேல்லை” என்றார். அகப்பையைத் தட்டி வைத்தார். “அப்ப சரி. இருங்கோ, சாப்பிடுங்கோ.”

ஒரு தட்டுச் சோற்றில் பெரிய மீன்துண்டாகப் பார்த்து வைத்தார். முன் அறையில் அவன் யாருக்கோ சத்தமாகக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். நான் குசினிப் பலகையிலேயே இருந்து, ஆறுதலாகச் சாப்பிட்டு முடித்தேன்.

2024 ஆவணி (ஓகஸ்ட்) 18, ஞாயிற்றுக்கிழமை.