பூட்டில்லாத ஒன்பது சாவிகள்

டத்தோ கிராமாட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்குப் பூட்டு இரண்டு, சாவி பதினொன்று. மிச்சம் ஒன்பதும் மருந்து.

அத்தைக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தின் வைத்திய சாஸ்திரம். அதற்காகவே பூட்டைத் தொலைத்த பழைய சாவிகள் ஒன்பதை ஒரு வளையத்தில் கோத்து, அடுப்படி நிலையில் ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். வலிப்பு எப்படியும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாகவே நின்றுவிடும். பெயர் சாவிக்குப் போய்விடும். பிற்காலத்தில் நான் வேலை பார்த்த அலுவலகங்களில் பல மேலதிகாரிகள் இதே முறையில்தான் பதவி உயர்வு பெற்றார்கள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது, எனக்கு ஒன்பது. பதினாறு வயதிலிருந்து ஆஸ்பத்திரி மாத்திரை சாப்பிட்டு வந்தாள். அதைச் சாப்பிடும் வரை வலிப்பு எட்டியே நிற்கும். ஆனால் அந்த மாத்திரைக்கு ஒரு கூலி உண்டு. சிலருக்கு ஈறு தடித்துப் பல்லின் மேல் இறங்கும். அத்தைக்கு இறங்கியிருந்தது. அதனால் சிரிப்பு வந்தால் உள்ளங்கையால் வாயை மூடிக்கொள்வாள். அவளுக்கோ எதற்கெடுத்தாலும் சிரிப்பு. நாளில் பாதி நேரம் அவளுக்கு ஒரு கைதான் இருந்தது. ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவிக்கொண்டே பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய திட்டுகளைக் கேட்டுச் சிரிப்பாள். அவ்வளவு நல்ல வாசகர் எனக்கு அதற்குப் பிறகு வாய்க்கவில்லை.

கடலுக்கு அக்கரையிலிருக்கும் கெப்பாலா பத்தாஸிலிருந்து ஒரு வரன் வந்தது. அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. சனிக்கிழமை மாலை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. வலிப்பைப் பற்றி அவர்களிடம் யாரும் மூச்சு விடவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே கிடையாது. 'மயக்கம்' என்போம், அதையும் கதவைச் சாத்திக்கொண்டு.

அதற்குப் பத்து நாள் முன்னால் அத்தை என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள்.

"இன்னியிலேருந்து மாத்திரைக்கு லீவு. ஈறு கொஞ்சம் எறங்கட்டும். நான் வாயில போடற மாதிரி போட்டுட்டு ஒங்கிட்ட குடுப்பேன். நீ லோங்காங்ல போட்டுரு. யார்கிட்டயும் சொல்லக் கூடாது, என்ன?"

"மயக்கம் வந்தா?"

"வராதுலா. பத்து நாளுதான."

ஆணையிட்டுக் கொடுத்தேன். தினமும் காலையும் இரவும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் அந்தச் சாக்கடையில் மாத்திரையைப் போட்டேன். பத்து வருடம் ஏறிய ஈறு பத்து நாளில் இறங்குமா என்று இருவரில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை. லோங்காங்கில் இருக்கும் மீன்களுக்கு இனி வலிப்பே வராது என்றுதான் தோன்றியது.

சனிக்கிழமை நாலு மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, கார் ஓட்டிவந்த தாய்மாமன். மாப்பிள்ளை ஒல்லியாக இருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. அத்தை தேநீர்த் தட்டோடு வந்தபோது மரியாதைக்கு எழுந்து நிற்க வேண்டுமா என்று தெரியாமல் பாதி எழுந்து, பாதியிலேயே நின்றார். தாய்மாமன் அவரை உட்கார வைக்கச் சட்டையைப் பிடித்து இழுக்க, இரண்டு பேனாவும் தரையில் உருண்டன.

அத்தை சிரித்தாள். கை இரண்டிலும் தட்டு இருந்ததால் வாயை மூட வழியில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக அந்தச் சிரிப்பை முழுசாகப் பார்த்தேன். மாப்பிள்ளையும் பார்த்தார். பேனாவை எடுக்கக் குனிந்தவர் நிமிர மறந்து அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு தட்டு விழுந்தது.

"சாவி! சாவி எங்க?" என்று அம்மா அலறினாள். வந்தவர்கள் பார்த்து, 'இது எதுக்கு?' என்று கேட்டுவிடப்போகிறார்களே என்று அன்று காலை அவள்தான் சாவிக் கொத்தைக் கழற்றி ஒளித்து வைத்திருந்தாள். எங்கே ஒளித்தாள் என்பது அவளுக்கே அந்த நேரத்தில் மறந்துபோயிருந்தது. மாப்பிள்ளை மட்டும் தரையில் மண்டியிட்டு, சோபாவிலிருந்த மெத்தையை எடுத்து அத்தையின் தலைக்கடியில் தள்ளினார். தாய்மாமனுக்கும் எங்கள் வைத்திய சாஸ்திரம் தெரிந்திருந்தது. நல்ல மனிதர். யோசிக்காமல் தன் பையிலிருந்த சாவியை எடுத்து அத்தையின் கைக்குள் திணித்தார்.

வலிப்பு நின்றது. அடுத்த நிமிடமே திரும்ப வந்தது. அப்படி ஒருநாளும் வந்ததில்லை.

"தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்!" என்றார் அப்பா. அத்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் பின் இருக்கையில் கிடத்தினார்கள். யாரும் கவனிக்காததால் நானும் உள்ளே ஏறி அவள் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். தாய்மாமன் ஓட்டும் இடத்தில் உட்கார்ந்து ஒரு பையைத் தடவினார். இன்னொரு பையைத் தடவினார். மெல்லப் பின்னால் திரும்பினார்.

"ஏங்க, பொண்ணு கையில இருக்கறது எங் கார் சாவிங்க."

அத்தையின் விரல்கள் அதைச் சுற்றி இறுகிக் கிடந்தன. அப்பா பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. ஐந்து பேரும் ஓடாத காரில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அம்மா ஓடிவந்து ஒரு துண்டை ஜன்னல் வழியாக நீட்டினாள். முன் இருக்கையிலிருந்த மாப்பிள்ளை அதை வாங்கி, திரும்பி, அத்தையின் வாயோரம் வழிந்த நுரையைத் துடைத்தார். அப்புறம்தான் அவள் கை தளர்ந்தது. சாவி என் மடியில் விழுந்தது. அவள் உள்ளங்கையில் அதன் பல் வரிசை அப்படியே பதிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு சீனர். மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தமிழ் நர்ஸ் ஒருத்தி அவருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுத்தாள்.

"இதுக்கு முன்னால வந்திருக்கா?"

அப்பா பக்கத்தில் நின்ற தாய்மாமனைப் பார்த்தார். "இல்ல மிஸ்ஸி. இதான் மொத தடவை."

"மருந்து ஏதும் சாப்பிடுதா?"

"இல்ல."

சின்னதாக ஓர் ஊசி போட்டார்கள். உடம்பு அடங்கியது. அடுத்தது பெரிய மருந்து, வலிப்பு மறுபடி வராமல் பிடித்து வைப்பது. அதைத் தயார் செய்யும்போது காரை வாசலிலிருந்து நகர்த்தச் சொல்லித் தாய்மாமனை அனுப்பினார்கள். மாப்பிள்ளை பெயர் பதிய முகப்புக்குப் போனார். அவர்கள் முதுகு மறைந்ததும் அப்பா மிஸ்ஸியின் காதருகே குனிந்தார்.

"மன்னிச்சுக்குங்க மிஸ்ஸி. பத்து வருஷமா இருக்கு. தெனம் மாத்திரை சாப்பிடுது. ஒரு வேளைகூட விட்டதில்ல."

மிஸ்ஸியின் முகம் மாறியது. "என்னாண்ணே நீங்க! அப்ப அந்த ஈறு தடிச்சது மாத்திரையாலதானா! போடப் போறதும் அதே மருந்துதான். ஏற்கெனவே ஒடம்புல இருக்கறப்ப முழுசாப் போட்டா என்னா ஆவறது?" என்றவள் டாக்டரிடம் சொன்னாள். அவர் காகிதத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டுக் குறைத்து எழுதினார்.

அப்பா முதலில் சொன்னது பொய். இரண்டாவது சொன்னது அவருக்குத் தெரிந்த உண்மை. இரண்டுமே தப்பு என்பது அந்த அறையில் ஒன்பது வயதுக்காரிக்கு மட்டும் தெரிந்திருந்தது. சொன்னால் அத்தையின் ரகசியம் போய்விடும். சொல்லாவிட்டால் குறைந்த மருந்து. நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன், இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. கட்டிலுக்கு வெளியே தொங்கிய அத்தையின் சுண்டுவிரல் மறுபடி துடிக்கத் தொடங்கிய பிறகுதான் என் வாய் திறந்தது.

"அத்தை சாப்பிடல."

மிஸ்ஸி குனிந்தாள். "எத்தனை நாளாம்மா? சரியா சொல்லு."

"பத்து நாளா. ஒண்ணுகூட சாப்பிடல. நாந்தான் லோங்காங்ல போட்டேன்."

அப்பாவின் கை என் தோளில் விழுந்தது. அடிக்கவா, பிடித்துக்கொள்ளவா என்று அவருக்கே தெரியாத கை. திரும்பினால், பதிவு அட்டையைப் பிடித்தபடி மாப்பிள்ளை நின்றிருந்தார். எல்லாம் கேட்டிருந்தது.

டாக்டர் மூன்றாவது முறையாக எழுதினார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அத்தையின் கையில் ஏறிக்கொண்டிருந்த சீனித் தண்ணீர் புட்டியை மிஸ்ஸி கழற்றினாள். இந்த மருந்து அதோடு சேர்ந்தால் திரிந்து போகுமாம். உப்புத் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவினாள். மருந்தைத் தொங்கவிட்டு, நெஞ்சில் ஒயர்களை ஒட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். சொட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். சொட்டு. ரத்த அழுத்தம் பார்த்தாள். இவ்வளவு சோம்பேறியை நான் கண்டதில்லை என்று நினைத்தேன்.

அப்பாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். "கொஞ்சம் சீக்கிரமாப் போடக் கூடாதா மிஸ்ஸி?"

"வேகமாப் போட்டா வலிப்பும் நிக்கும், நெஞ்சும் நிக்கும். பரவால்லையா?"

மிஸ்ஸி அத்தையின் உள்ளங்கையைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது என்னா?"

"சாவிங்க" என்றார் அப்பா.

"சரி, பூட்டு எங்க?" என்றவள் அத்தையின் விரல்களை மடக்கி வைத்தாள். "இனிமே கையிலயோ வாயிலயோ எதையும் வைக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, மணியைப் பாருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டுனா நேரா இங்க வந்துருங்க." பிறகு என்னிடம், "நீ ஊசி போட்ட எடத்தையே பாரு. வீங்குனா, செவந்தா கத்து" என்றாள்.

அந்தக் கையை நான் இமைக்காமல் பார்த்தேன். அரை மணி நேரம் இருக்கும். அது வீங்கவில்லை. என் வாழ்க்கையில் நான் முழுமையாகச் செய்து முடித்த காரியங்களில் அதுவும் ஒன்று, பட்டியல் நீளமில்லை.

அத்தை கண் விழித்ததும் முதலில் செய்தது, மற்றக் கையைத் தூக்கி வாயை மூடிக்கொண்டது. பிறகு என்னைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?" என்றாள் குழறலாக.

தலையசைத்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்த பின்னும் அவள் என்னோடு பேசவில்லை. மாத்திரையை அம்மா முன்னால் விழுங்கி, வாயைத் திறந்து காட்டினாள். சாவிக் கொத்து அரிசி டின்னிலிருந்து கிடைத்தது, ஆணிக்குத் திரும்பவில்லை. ஏற்கெனவே பொருந்தியிருந்த ஜாதகம் இப்போது பொருந்தவில்லை என்று தாய்மாமன் சொல்லியனுப்பினார். உண்மை சொன்னால் என்ன ஆகும் என்பதை நான் நன்றாகப் படித்துக்கொண்டேன். இனி அத்தையைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் வாய் திறப்பதில்லை என்று எனக்கு நானே ஆணையிட்டுக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து, பள்ளி விடுமுறையில் ஒரு நாள் காலை. அப்பா அக்கரையில் பிறை என்ற ஊருக்கு, ஃபேக்டரி வேலைக்குப் போயிருந்தார். அம்மா பாசாருக்கு. வாசல் கேட்டில் யாரோ தட்டினார்கள். போய்ப் பார்த்தால் மாப்பிள்ளை. தனியாக. சட்டைப் பையில் ஒரே ஒரு பேனா. கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம், ஓரத்தில் ஒரு துண்டின் நுனி தெரிந்தது.

"அத்தை நல்லா இருக்காங்களாம்மா? மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறாங்களா?"

"அத்தை இல்ல" என்றேன். "ஈப்போவுக்குப் போயிட்டாங்க."

சொல்லி முடிக்கவில்லை, உள்ளேயிருந்து, "யாரு வந்திருக்கா?" என்று அத்தையின் குரல் கேட்டது.

அவருக்கும் கேட்டது. அந்தக் குரலையும் என்னையும் சேர்த்து வைத்து, இந்த வீட்டில் தன்னைப் பார்க்க யாருக்கும் விருப்பமில்லை என்று அவர் ஒரு கணக்குப் போட்டார் போலிருக்கிறது. முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக உள்ளே போய்விட்டது. கோபமில்லை. "பரவால்ல" என்றார். "இத மட்டும் உள்ள குடுத்துரு. கார்லயே இருந்திருச்சி."

திரும்பி நடந்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"யாருடி அது?" என்றாள் அத்தை. மூன்று வாரத்தில் அவள் என்னிடம் பேசிய முதல் சொல். அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"துண்டு விக்கிறவன்" என்றேன்.

"துண்டு விக்கிறவனா?" அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என்னை மன்னித்துவிட்டாள் என்று தெரிந்தது.

அத்தைக்கு அதற்குப் பிறகு வரன் அமையவில்லை. மருந்தை மாற்றினார்கள், ஈறும் வருஷக் கணக்கில் மெல்ல இறங்கியது. இப்போது என்னோடுதான் இருக்கிறாள். காலை எட்டு, இரவு எட்டு, மாத்திரையை நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். இப்போதெல்லாம் கையை இறக்கியே சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டில் வந்தவர் யார் என்று சொல்லிவிடலாமா என்று வாயெடுப்பேன். பிறகு தண்ணீர் டம்ளரை நீட்டுவேன்.

அன்று அடுப்படியில் பொட்டலத்தைப் பிரித்தேன். அம்மா ஜன்னல் வழியாகக் கொடுத்த அதே துண்டு. வெளுத்து, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போடப்பட்டிருந்தது. கெப்பாலா பத்தாஸிலிருந்து பஸ் பிடித்து, ஃபெரி ஏறி, வேலை நாளில் ஒரு மனிதன் அதைக் கொண்டுவந்திருந்தான். துண்டுக்குப் போய் யாராவது இஸ்திரி போடுவார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. மற்றத் துண்டுகளோடு அதையும் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போனேன்.